பெயர் இல்லாத உப்பு!

பிளஸ்-2 ரசாயனக் கூடத்தில் ஒரு துப்பறியும் வேலை

ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி.

சின்னத் தாளில் மடித்துக் கொடுப்பார்கள். தாளின் மேல் ஓர் எண் இருக்கும். பெயர் இருக்காது.

"இது என்ன? கண்டுபிடி!"

இதுதான் கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர் தலைநரைத்த விஞ்ஞானி அல்ல. பதினாறு, பதினேழு வயது மாணவன், அல்லது மாணவி.

பார்த்தால் சமையல் உப்பு போல இருக்கும். சர்க்கரைத் தூள் போலவும் இருக்கும். சுண்ணாம்புத் தூள் போலவும் இருக்கும். நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. ஈய உப்பாக இருந்தால் விஷம்!

பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்கு ஒரு வழி இருக்கிறது. அந்த வழியைக் கற்றுக்கொடுக்கும் இடம்தான் மேல்நிலைப் பள்ளியின் ரசாயனக் கூடம்.

தமிழ்நாட்டில் 1978-ம் ஆண்டு மேல்நிலைப் பள்ளிகள் ஏற்பட்டன. அதற்கு முன்பு பள்ளிப் படிப்பு முடிந்ததும் கல்லூரியில் "பி.யு.சி." என்று ஓராண்டு படித்தார்கள். அது போய், பிளஸ்-1, பிளஸ்-2 என்று பள்ளியிலேயே இரண்டு ஆண்டுப் படிப்பு வந்தது. அந்தக் காலத்தில் "ரசாயனம்" என்றார்கள். இன்று பாடப் புத்தகத்தில் "வேதியியல்" என்று இருக்கிறது. பிள்ளைகள் வாயில் "கெமிஸ்ட்ரி". பெயர் மூன்று. பாடம் ஒன்று.

பெயரைக் கேட்டாலே பல வீடுகளில் பயம். "எங்கள் பிள்ளை ராத்திரி பகலாக என்னமோ மனப்பாடம் செய்கிறது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை" என்று சொல்லும் தாய்மார்கள் எத்தனையோ பேர்.

புரியாத விஷயம் இதில் அதிகம் இல்லை. வாருங்கள், கூடத்துக்குள் போய்ப் பார்ப்போம்.

இரண்டு பாதி

உப்பு என்றால் சமையல் உப்பு மட்டும் அல்ல. ரசாயனத்தில் உப்பு என்பது பெரிய குடும்பம். மயில்துத்தம் ஓர் உப்பு. நவச்சாரம் ஓர் உப்பு. அன்னபேதியும் உப்புதான். வெடியுப்பு, பெயரிலேயே உப்பு.

உப்புக்கு இரண்டு பாதி உண்டு. நம் ஊரில் தலைப்பெழுத்தும் பெயரும் சேர்ந்தால்தானே ஆள் யார் என்று தெரியும்? அது போலத்தான். சமையல் உப்பில் ஒரு பாதி சோடியம், மறு பாதி குளோரைடு. மயில்துத்தத்தில் ஒரு பாதி தாமிரம், மறு பாதி சல்பேட்.

மாணவர் இரண்டு பாதியையும் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றைக் கண்டுபிடித்து மற்றதை விட்டுவிட்டால், பாதி வேலைதான் முடிந்தது.

கண்ணும் மூக்கும்

முதல் வேலை, பார்ப்பது. நீலமாக இருந்தால் தாமிரம் என்று சந்தேகப்படலாம். வெளிர் பச்சையாக இருந்தால் இரும்பாக இருக்கலாம். வெள்ளையாக இருந்தால்தான் தொல்லை. வெள்ளை உப்புகள் ஏராளம்.

அடுத்தது, மூக்கு. உப்போடு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சேர்த்துச் சூடாக்குகிறார்கள். மாட்டுத் தொழுவத்திலும் பொதுக் கழிப்பிடத்திலும் மூக்கைத் துளைக்கிறதே, அந்த நெடி வந்தால் அது அம்மோனியா. உப்பில் அம்மோனியம் இருக்கிறது என்று அர்த்தம். குழாயை மூக்கருகே கொண்டுபோய் முகரக் கூடாது. தள்ளிப் பிடித்து, கையால் காற்றை மூக்குப் பக்கம் விசிறி முகர வேண்டும்.

அடுத்தது, சூடு. ஒரு வெள்ளைப் பொடியைச் சுட்டால் மஞ்சளாக மாறும். ஆறவிட்டால் மறுபடி வெள்ளையாகும்! என்ன மாயம்? மாயம் இல்லை. அது துத்தநாகம். சூட்டில் மஞ்சள், ஆறினால் வெள்ளை என்பது அதன் குணம்.

சுடர் காட்டும் நிறம்

ரசம் பொங்கி அடுப்பில் வழியும்போது பார்த்திருப்பீர்கள். நீலமாக எரிந்த கேஸ் சுடர் திடீரென்று மஞ்சளாகும். ஏன் தெரியுமா? ரசத்தில் இருக்கும் உப்புதான் காரணம். உப்பில் உள்ள சோடியம் நெருப்பில் பட்டால் மஞ்சள் நிறம் காட்டும்.

இதையேதான் ரசாயனக் கூடத்தில் செய்கிறார்கள். உப்பைத் திராவகத்தில் குழைத்துச் சுடரில் காட்டுகிறார்கள். கால்சியம் செங்கல் சிவப்பு. ஸ்ட்ரான்ஷியம் குங்குமச் சிவப்பு. பேரியம் இளம் பச்சை. தாமிரம் நீலம் கலந்த பச்சை.

சிவகாசிக்காரர்களுக்கு இது புதிதல்ல. மத்தாப்பின் நிறங்கள் எல்லாம் இந்த உலோக உப்புகள் தந்தவைதான். பேரியம் உப்பு காற்றைக் கெடுக்கும், உடம்புக்கும் ஆகாது என்பதால், அதைப் பட்டாசில் சேர்க்கக் கூடாது என்று 2018-ல் உச்சநீதிமன்றம் தடை போட்டது.

இந்தச் சுடர் வித்தையை விஞ்ஞானமாக ஆக்கியவர்கள் இரண்டு ஜெர்மானியர்கள். ஒருவர் பன்சன். இன்னொருவர் கிர்க்காப். சுடரின் ஒளியைக் கண்ணாடிப் பட்டகம் வழியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஊற்று நீரில் இருந்து எடுத்த உப்பில், யாரும் அதுவரை காணாத நீலக் கோடுகள் தெரிந்தன. "இது புதுப் பொருள்!" என்று 1860-ல் அறிவித்தார்கள். அதுதான் சீசியம். மறு ஆண்டு ருபீடியம் கிடைத்தது. ஒரு பொருளைக் கையில் பிடிக்கும் முன்பே அதன் நிறத்தைக் கொண்டு பிடித்துவிட்டார்கள்!

அந்தப் பன்சனுக்கு ஒரு கண்ணில் பார்வை கிடையாது. இளம் வயதில், ரசாயனக் கூடத்தில் ஒரு குடுவை வெடித்துக் கண்ணைப் பறித்துவிட்டது. கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் கூடத்துக்குள் போகும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

ஒரு சாட்சி போதாது

சுடரில் நிறம் கண்டதும், "கண்டுபிடித்துவிட்டேன்!" என்று எழுதக் கூடாது. கோர்ட்டில் ஒரே ஒருவர் சாட்சி சொன்னால் வக்கீல் விடுவாரா? இங்கும் அப்படித்தான். அதை உறுதி செய்ய இன்னொரு சோதனை வேண்டும்.

உலோகங்களை வரிசையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கரைசலில் முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட வேண்டும். ஈயம் இருந்தால் வெள்ளையாக அடியில் படியும். படியாவிட்டால் அடுத்த வரிசை. அதற்கு ஹைட்ரஜன் சல்பைடு வாயு வேண்டும். அழுகிய முட்டை நாற்றம்! அன்றைக்குப் பக்கத்து வகுப்பில் பாடம் நடக்காது. தாமிரம் இருந்தால் கறுப்பாகப் படியும். இப்படி ஒவ்வொரு வரிசையாகப் போய், கடைசியில் மக்னீசியம்.

வரிசையை மாற்றினால் எல்லாம் கெட்டது. இந்த ஈயம் பொல்லாத ஆசாமி. முதல் வரிசையில் முழுதும் சிக்காது. கொஞ்சம் நழுவி இரண்டாம் வரிசையிலும் தலை காட்டும். கவனிக்காத மாணவர் ஏமாந்து போவார்.

ஆனால் அழகிலும் ஈயத்தை மிஞ்ச ஆள் இல்லை. ஈயக் கரைசலில் பொட்டாசியம் அயோடைடு விட்டால் மஞ்சள் கரைத்தது போல ஆகும். அதில் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தால் மஞ்சள் மறைந்து தெளியும். குழாயைக் குளிர்ந்த நீரில் பிடித்தால், தெளிந்த நீருக்குள் தங்கத் துகள்கள் ஒவ்வொன்றாகப் பிறந்து மினுமினுத்துக்கொண்டு இறங்கும். பொன்மாரி பெய்தது போல இருக்கும்! இதை ஒரு முறை கண்ணால் கண்ட பிள்ளை, ஈயத்துக்கு என்ன சோதனை என்பதைக் கிழவனாகும் வரை மறக்காது.

மறு பாதிக்கும் இப்படியே சோதனைகள் உண்டு. குளோரைடு என்றால், வெள்ளி நைட்ரேட் விட்டதும் தயிர் திரிந்தது போலத் திரளும். சல்பேட் என்றால் பேரியம் குளோரைடில் வெள்ளையாகப் படியும். நைட்ரேட் என்றால் பழுப்பு வளையம். இரும்பு சல்பேட் கரைசலைச் சேர்த்து, குழாயைச் சாய்த்து, அடர் கந்தகத் திராவகத்தைச் சுவரோரமாக மெல்ல வழிய விட வேண்டும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மோதிரம் போல ஒரு பழுப்பு வளையம் தோன்றும். கை நடுங்கிக் குழாயைக் குலுக்கிவிட்டால் வளையம் போய்விடும். பொறுமைக்கே பரீட்சை!

பாட்டிக்குத் தெரிந்த ரசாயனம்

கார்பனேட் உப்பைக் கண்டுபிடிப்பதுதான் எல்லாவற்றிலும் சுலபம். திராவகம் பட்டதும் நுரைத்துப் பொங்கும். வரும் வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் விட்டால், நீர் பால் போல வெளுக்கும். அந்த வாயு கரியமிலவாயு. நாம் வெளியே விடும் மூச்சிலும் இருக்கிறது. குழல் வைத்துச் சுண்ணாம்பு நீரில் ஊதினாலும் வெளுக்கும். (உறிஞ்சக் கூடாது, ஊத மட்டும்!)

இந்தச் சுண்ணாம்பின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிளஸ்-2 ரசாயனத்தில் பாதி அதில் அடங்கி இருக்கிறது.

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் போட்டுச் சுடுகிறார்கள். சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. அதில் தண்ணீர் ஊற்றினால் "புஸ்" என்று சீறிக் கொதிக்கிறது. அடியில் நெருப்பே இல்லை, ஆனாலும் கொதிக்கிறது! அது நீற்றுச் சுண்ணாம்பு. அதைக் கரைத்துச் சுவரில் அடித்தால், ஈரம் காயும் வரை மங்கலாகத் தெரியும். பிறகு நாளாக நாளாக வெளுத்துக் கெட்டிப்படும். ஏன்? காற்றில் உள்ள கரியமிலவாயுவை அது கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு, மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறிவிடுகிறது! காளவாயில் பறந்துபோன வாயு, வீட்டுச் சுவரில் திரும்பி வந்து சேர்ந்துவிட்டது.

பிள்ளை பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறதே, கால்சியம் கார்பனேட், கால்சியம் ஆக்சைடு, கால்சியம் ஹைட்ராக்சைடு என்று? அது இந்தச் சுண்ணாம்புதான். பொங்கலுக்கு வெள்ளை அடித்த பாட்டிக்கு அந்தப் பொருள் தெரியும், பெயர் தெரியாது. பேத்திக்குப் பெயர் தெரியும், பொருள் தெரியாது. இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால், ஒரு பாடம் முடிந்தது!

கணக்கும் இதிலேயே இருக்கிறது. சுத்தமான சுண்ணாம்புக் கல் 100 கிலோ சுட்டால், சுட்ட சுண்ணாம்பு 56 கிலோதான் கிடைக்கும். மீதி 44 கிலோவை யார் திருடினார்கள்? யாரும் திருடவில்லை. அது கரியமிலவாயுவாகப் பறந்துவிட்டது. 56-ம் 44-ம் சேர்ந்தால் 100. எடை எங்கும் போகாது.

அந்த 56, 44 என்ற எண்களை எப்படிக் கண்டார்கள்? அதற்குத்தான் "மோல்" என்ற கணக்கு. பிளஸ்-1 பிள்ளைகளை முதல் மாதமே மிரட்டும் கணக்கு அது. பயப்பட ஒன்றும் இல்லை. வாழைப்பழத்தை டஜன் கணக்கில் எண்ணுகிறோம் அல்லவா? அணுக்களையும் மூலக்கூறுகளையும் மோல் கணக்கில் எண்ணுகிறார்கள். டஜன் என்றால் 12. மோல் என்றால், 6 போட்டு அதன் பக்கத்தில் 23 சைபர் போட்டால் ஏறக்குறைய வரும் எண். அம்மாடியோ! அத்தனை மூலக்கூறுகளும் 18 கிராம் தண்ணீரில் இருக்கின்றன. 18 கிராம் தண்ணீர் என்றால் நாலு தேக்கரண்டி கூட இல்லை.

ஊதா நிறச் சொட்டு

கூடத்தில் இன்னொரு வேலை, அளந்து பார்ப்பது.

மேலே நீண்ட கண்ணாடிக் குழாய். அதன் பெயர் பியூரெட். 50 மில்லி பிடிக்கும். அதில் ஊதா நிறப் பெர்மாங்கனேட் கரைசல். கீழே குடுவையில், பிப்பெட்டால் அளந்து விட்ட 20 மில்லி இரும்பு உப்புக் கரைசல். அதில் கொஞ்சம் கந்தகத் திராவகமும் சேர்த்திருக்கும். அதில் இரும்பு எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஊதாக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள். விழுந்த சொட்டின் நிறம் உடனே மறைகிறது. இன்னொரு சொட்டு. அதுவும் மறைகிறது. இரும்பு தீரும் வரை இப்படியே போகும். தீர்ந்த பிறகு விழும் முதல் சொட்டு மறையாது. குடுவை முழுதும் ரோஜா நிறம் நிற்கும். அங்கே நிறுத்த வேண்டும். ஒரு சொட்டு அதிகம் போனாலும் கணக்குத் தப்பு!

வேறு சில சோதனைகளில், எங்கே நிறுத்துவது என்று காட்ட ஒரு நிறங்காட்டி சேர்ப்பார்கள். இதுவும் நம் வீட்டில் இருப்பதுதான். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் ரத்தச் சிவப்பாகிறதே! மஞ்சள் ஒரு நிறங்காட்டி. காரம் பட்டால் சிவக்கும். எலுமிச்சம்பழச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். சேலையில் விழுந்த மஞ்சள் கறை சோப்புப் போட்டதும் சிவக்கும் ரகசியமும் இதுதான்.

மனப்பாடப் பூதம்

இத்தனை அழகான பாடம் ஏன் பயமுறுத்துகிறது?

மதிப்பெண் கணக்கைப் பாருங்கள். பிளஸ்-2 ரசாயனத்துக்கு மொத்தம் 100. எழுத்துத் தேர்வுக்கு 70. செய்முறைத் தேர்வுக்கு 20. பள்ளியிலேயே போடும் அகமதிப்பீடு 10. "எழுபதுக்குத்தான் படிக்க வேண்டும், இருபது எப்படியும் வந்துவிடும்" என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெரியவர்களும் அப்படியே நினைக்கிறார்கள். ஆகவே செய்முறை வகுப்பு நேரத்தில் எழுத்துத் தேர்வுக்குப் பயிற்சி நடக்கிறது. ரெக்கார்டு நோட்டு, பக்கத்துப் பெஞ்சு நோட்டைப் பார்த்து நிரம்புகிறது. எந்த உப்புக்கு என்ன "அடையாளம்" என்று குறுக்கு வழிச் சீட்டு ஒன்று கைமாறுகிறது.

பொன்மாரியைக் கண்ணால் காணாமலே "பொன்னிறத் துகள்கள் தோன்றுகின்றன" என்று எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் கிடைக்கலாம். இதை விடப் பெரிய நஷ்டம் அந்தப் பிள்ளைக்கு வேறு இல்லை என்பேன்.

காரணம் சொல்கிறேன். என்ஜினீயரிங் சேர்க்கைக்குத் தமிழ்நாட்டில் 200-க்கு "கட்-ஆப்" கணக்கிடுகிறார்கள். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, ரசாயனத்துக்கு 50. அங்கே பிளஸ்-2 மதிப்பெண் போதும். ஆனால் டாக்டர் படிப்புக்கு "நீட்" தேர்வு. அதில் 720-க்கு 180 மதிப்பெண் ரசாயனம். 45 கேள்விகள். 2024-ம் ஆண்டுத் தேர்வுக்கு வெளியிட்ட பாடத்திட்டத்தில், செய்முறை ரசாயனம் தனி அத்தியாயமாகவே வந்துவிட்டது. ஈயம், தாமிரம், துத்தநாகம், அம்மோனியம் என்று நாம் மேலே பார்த்த அதே உப்புச் சோதனைகள். பெர்மாங்கனேட் சொட்டும் கூட!

கூடத்தில் கை வைத்துச் செய்த பிள்ளைக்கு அது தெரிந்த கதை. சீட்டைப் பார்த்து எழுதிய பிள்ளைக்கு அது இன்னொரு மனப்பாடம்.

பெற்றோர் ரசாயனம் படித்திருக்க வேண்டியது இல்லை. வாரம் ஒரு முறை, "இன்று கூடத்தில் என்ன நிறம் வந்தது?" என்று கேட்டால் போதும். நிறத்தைச் சொல்லத் தெரிந்தால் பிள்ளை செய்திருக்கிறது. "கூடமே திறக்கவில்லை" என்று பதில் வந்தால், பெற்றோர்-ஆசிரியர் கழகக் கூட்டம் எதற்கு இருக்கிறது? அங்கே எழுந்து கேளுங்கள். கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கவில்லை என்று கேட்கிறவர்கள், இதையும் கேட்கலாம்.

பாடம் நடத்தியவர் கண்ட அட்டவணை

சுவரில் தொங்கும் கட்டம் கட்டமான அட்டவணையும் பிள்ளைகளைப் பயமுறுத்தும். 118 தனிமங்கள்! அதை மனப்பாடம் செய்ய அதை உண்டாக்கியவரே விரும்பவில்லை.

அவர் பெயர் மெண்டலீவ். 1834-ல் ரஷ்யாவில், சைபீரியாவில் உள்ள டொபோல்ஸ்க் நகரில் பிறந்தார். வீட்டில் கடைக்குட்டி. அப்பா பள்ளி ஆசிரியர். கண் பார்வை போய் வேலையை இழந்தார், பிறகு இறந்துவிட்டார். அம்மா மரியா கண்ணாடித் தொழிற்சாலை நடத்திப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். 1848-ல் அந்தத் தொழிற்சாலையும் எரிந்து சாம்பலாயிற்று.

தாய் கலங்கவில்லை. கடைசி மகனை எப்படியாவது படிக்க வைக்க வேண்டும் என்று, சைபீரியாவில் இருந்து மாஸ்கோவுக்கு அழைத்துச் சென்றார். ரயில் இல்லாத பாதை. அங்கே இடம் கிடைக்கவில்லை. பீட்டர்ஸ்பர்க் நகருக்குப் போனார். 1850-ல், கணவர் படித்த அதே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மகனைச் சேர்த்தார். அந்த ஆண்டே கண்ணை மூடிவிட்டார்.

மகன் பேராசிரியர் ஆனார். மாணவர்களுக்கு ஏற்ற நல்ல பாடப் புத்தகம் இல்லை என்று தாமே ஒன்று எழுதத் தொடங்கினார். அப்போது தெரிந்த தனிமங்கள் 63. எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு சொல்வது? எடைப்படி வரிசையாக வைத்துப் பார்த்தார். குணங்கள் திரும்பத் திரும்ப வந்தன! 1869-ல் அட்டவணை பிறந்தது. ஆமாம், பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வழி தேடியபோது கிடைத்ததுதான் அது.

சில கட்டங்களைக் காலியாக விட்டார். "இங்கே வர வேண்டிய ஆள் இன்னும் வரவில்லை" என்று அதன் குணங்களையும் எழுதி வைத்தார். 1875-ல் பிரான்ஸ் நாட்டில் காலியம் என்ற உலோகம் கிடைத்தது. அதன் அடர்த்தி 4.7 என்றார் கண்டுபிடித்தவர். "தவறு. 5.9-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்" என்றார் மெண்டலீவ். அந்த உலோகத்தை அவர் கண்ணால் கூடப் பார்த்ததில்லை! சுத்தம் செய்து மறுபடி அளந்தார்கள். 5.9 வந்தது. (இந்தக் காலியம் 30 டிகிரி வெப்பத்திலேயே உருகிவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வெளியே வைத்தால் தண்ணீராக ஓடும்.)

தமது ஆராய்ச்சி நூல் ஒன்றை 1887-ல் வெளியிட்டபோது, அதைத் தாய்க்குக் காணிக்கை ஆக்கினார்.

உயிரும் யூரியாவும்

பிளஸ்-2-வில் கரிம ரசாயனம் என்று ஒரு பெரும் பகுதி உண்டு. வாய்பாடுகள் நீளமாக இருக்கும். உயிருள்ளவற்றில் இருந்து மட்டுமே கரிமப் பொருள்கள் கிடைக்கும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1828-ல் ஓலர் என்ற ஜெர்மானியர், சோதனைக் கூடத்திலேயே யூரியாவை உண்டாக்கி அந்த நம்பிக்கையை ஆட்டம் காண வைத்தார். சிறுநீரில் இருக்கும் அதே யூரியா. வயலுக்கு மூட்டை மூட்டையாகப் போடுகிறோமே, அதே யூரியா. அதில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன். விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு இதை விட நல்ல உதாரணம் எதற்கு?

நாக்கில் வைக்காதே!

கார்ல் ஷீலே என்று ஒரு மேதை இருந்தார். பிராணவாயுவையும் குளோரினையும் கண்டவர். ஆனால் அவருக்கு ஒரு கெட்ட பழக்கம். எதைக் கண்டுபிடித்தாலும் நாக்கில் வைத்து ருசி பார்ப்பார்! 1786-ல் இறந்தபோது அவருக்கு வயது 43-தான்.

கூடத்தில் சில விதிகளை மீறவே கூடாது. எதையும் ருசிக்கக் கூடாது. சூடாக்கும் குழாயின் வாயை யார் முகத்துக்கு நேராகவும் பிடிக்கக் கூடாது. பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழைய வழக்கத்தை விட்டு, ரப்பர் குமிழ் வைத்து உறிஞ்ச வேண்டும். கந்தகத் திராவகத்தைக் கரைக்கும்போது, திராவகத்தைத்தான் தண்ணீரில் மெல்ல விட வேண்டும். தண்ணீரைத் திராவகத்தில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். மேலே பட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் அப்படிக் கழுவிய கையோடு டாக்டரிடம் போக வேண்டும்.

வீட்டுக்கும் ஒரு விதி உண்டு. கழிவறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூடிய கழிவறையில் அது உயிருக்கே ஆபத்து. பிளஸ்-2 படிக்கும் பிள்ளைக்கு இதன் காரணம் தெரியும். கேட்டுப் பாருங்கள்.

தமிழில் படித்தால்?

"தமிழில் ரசாயனம் படித்தால் கல்லூரியில் திண்டாடும்" என்று ஒரு பயம் உண்டு. தமிழில் ரசாயனம் நேற்று வந்தது அல்ல. 1875-லேயே "கெமிஸ்தம்" என்ற பெயரில் ரசாயன நூல் தமிழில் அச்சேறிவிட்டது. யாழ்ப்பாணத்தை அடுத்த மானிப்பாயில் தமிழில் வைத்தியம் கற்பித்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன் செய்த முயற்சி அது.

பொருள் புரிந்த பிள்ளைக்குப் பெயர் மாறினால் பெரிய தொல்லை இல்லை. ஆனாலும் முன்கூட்டியே ஒரு காரியம் செய்யலாம். பிளஸ்-1 முதல் நாளில் இருந்தே, நோட்டில் தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் எழுதி வர வேண்டும். வினையூக்கி என்றால் கேட்டலிஸ்ட். வீழ்படிவு என்றால் பிரிசிபிடேட். நாளைக்கு ஐந்து சொல் போதும். இரண்டு ஆண்டில் அகராதியே ஆகிவிடும்.

ஆங்கில வழிப் பிள்ளைகளுக்கும் குழப்பம் இல்லாமல் இல்லை. சோடியத்துக்குக் குறியீடு "என்.ஏ.", இரும்புக்கு "எப்.இ.", ஈயத்துக்கு "பி.பி." ஆங்கிலப் பெயருக்கும் இந்த எழுத்துக்களுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. அவை லத்தீன் பெயர்கள். நேட்ரியம், பெர்ரம், பிளம்பம். வீட்டில் குழாய் ரிப்பேர் செய்ய வருகிறவரை "பிளம்பர்" என்கிறோமே, அந்தச் சொல்லும் இந்தப் பிளம்பத்தில் இருந்து வந்ததுதான். பழைய ரோமாபுரியில் தண்ணீர்க் குழாய்களை ஈயத்தில் செய்தார்கள்!